தெரிந்தெடுத்த கோபம்: போர்களைப் பற்றிக் கதைக்கும்போது அளவுகோல் எங்கே வளைகிறது?

“காசாவுக்கு அழுகிறியள், முள்ளிவாய்க்காலுக்கு அழுதியளோ?” “உக்ரைனுக்கு ஓடிப்போன வெள்ளைக்காரன் வன்னிக்கு ஏன் வரேல்லை?” “அமெரிக்கா ஈராக்கில செய்யாததையோ இலங்கை செய்தது?”

வன்னிப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது; ஆண்டுதோறும் அந்த மாதம் நெருங்கினால் இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்தே வரும். சந்தையிலும் வரும், வட்ஸ்அப் குழுவிலும் வரும். மூன்றையும் ஒரே வாதம் என்று நினைத்துத்தான் பலர் கைதட்டுகிறார்கள் அல்லது சண்டைக்குப் போகிறார்கள். உண்மையில் மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன. முதலாவது, கேட்கப்பட்டவரின் நேர்மையைச் சோதிக்கிறது. இரண்டாவது, நாடுகள் எப்படி முடிவெடுக்கின்றன என்று விளக்கம் கேட்கிறது. மூன்றாவது, விசாரணையே வேண்டாம் என்கிறது. இவற்றைப் பிரித்தறியாமல் குழப்பிக்கொண்டால், நம்முடைய நியாயத்தை நாமே வெட்டிவிடுவோம். உலகத்தின் கோபம் தன் பக்கம் திரும்பாததன் விலையை வன்னி உயிர்களால் கொடுத்தது. அதனால் இந்த விடயம் நமக்கு வெறும் வாய்ச்சண்டைக்கான தலைப்பு அல்ல.

மாடு மேய்ந்த வயல்

காலபோக வயலுக்குள் இரவில் மாடுகள் இறங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நட்டத்தைக் கணக்கிட இரண்டு விடயங்கள் தெரிந்தால் போதும். எவ்வளவு பரப்பு மேயப்பட்டது, பயிர் எந்தப் பருவத்தில் நின்றது. மட்டம் வெடிக்கிற (பக்கக் கிளை விடுகிற) பருவத்தில் நுனியை மேய்ந்திருந்தால் பயிர் திரும்பத் தழைக்க வாய்ப்புண்டு. கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் மேய்ந்திருந்தால் அந்தப் போகத்துக்கு அதில் கதிர் இல்லை. மாட்டில் சுட்டிருக்கும் குறி இந்தக் கணக்கில் எங்கும் வராது. நட்டத்தை யார் கொடுப்பது என்று கேட்கும் அடுத்த கட்டத்தில்தான் குறி வேண்டும்.

இந்த ஒழுங்கை மாற்றினால் என்ன நடக்கும்? முதலில் குறியைப் பார்க்கிறார்கள். சொந்தக்காரரின் மாடு என்றால், “வாயில்லாச் சீவன், பசிக்கு மேய்ஞ்சிட்டுது, இதுக்கெல்லாம் கூட்டம் வைக்கிறதோ?” ஆகாதவரின் மாடு என்றால், “கட்டாக்காலி, வேணுமெண்டு அவிட்டு விட்டவங்கள், பொலிசுக்குப் போவம்.” மேயப்பட்ட பயிர் ஒன்றுதான். குறியை முதலில் பார்த்ததால் நட்டம் சிறுத்தும் பெருத்தும் போகிறது.

அறச்சீற்றம் என்பது ஓர் அநியாயத்தைக் கண்டு, “இது நடந்திருக்கக்கூடாது, செய்தவர் பதில் சொல்ல வேண்டும்” என்று எழும் கோபம். செய்தவர் யார், பட்டவர் யார் என்று முதலில் பார்த்துவிட்டு அந்தக் கோபத்தைக் கூட்டிக் குறைப்பதையே தெரிந்தெடுத்த அறச்சீற்றம் என்கிறோம்.

எதைத் தெரிந்தெடுத்தல் என்று சொல்லக்கூடாது

இந்தச் சொல்லை எல்லோர் மேலும் எறிவது வழக்கமாகிவிட்டது. இரண்டு நிலைமைகளில் அது பொருந்தாது.

ஒன்று, மனிதருக்கு நேரமும் மனமும் அளவானவை. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போரைப் பற்றி ஒருவர் ஒரு வரியும் எழுதாததாலேயே அவர் கள்ளர் ஆகிவிட மாட்டார். கேட்டால், “அதுவும் அநியாயம்தான்” என்று தயங்காமல் சொல்வாரானால் அளவுகோல் நேராகவே இருக்கிறது. அவர் எல்லா இடத்துக்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

மற்றது, நெருக்கம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் யேமனைப் பற்றியும் பேச வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்க முடியாது. தன் பிள்ளைக்காக முதலில் நிற்பது கடமை. அதேபோல, தன் வரிப்பணத்தில் தன் அரசு வேறொரு நாட்டுக்கு ஆயுதம் அனுப்பினால், லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் அந்தப் போரைப் பற்றி மற்றப் போர்களைவிடக் கூடுதலாகக் கதைப்பதில் நியாயம் உண்டு. அவருடைய பொறுப்பு அங்கே அதிகம்.

பிழை தொடங்குவது விதியையே மாற்றும்போது. “வைத்தியசாலைக்கு எறிகணை அடிப்பது குற்றம்” என்று ஓரிடத்தில் சொன்னவர், இன்னோரிடத்தில் “வைத்தியசாலைக்குள் ஆயுததாரிகள் இருந்திருப்பார்கள்தானே” என்று விசாரிக்காமலே சொன்னால், அங்கே வளைந்தது அளவுகோல்.

இதுவரை: குறைவாகப் பேசுவது குற்றமல்ல. தன் ஆட்களுக்காக முதலில் பேசுவதும் குற்றமல்ல. ஒரே செயலுக்கு ஆளைப் பார்த்து இரண்டு தீர்ப்புச் சொல்வதுதான் பிரச்சினை.

கோபம் எப்படித் தெரிவாகிறது

பலர் நினைப்பதுபோல இது வெறும் கெட்ட மனத்தின் வேலை அல்ல. கோபம் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னர் சில வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் சிலருடைய துயரம் தடுக்கப்படுகிறது.

முதல் வாசல், கண்ணுக்குத் தெரிவது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதையடுத்து ஐ.நா. அமைப்புகளும் சர்வதேச தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு ஏ9 வீதியால் வெளியேறின. போக வேண்டாம் என்று மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் கூடிக் கேட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் தொடர்ந்து செயற்பட்டது. சுதந்திரமான செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டு, தேவிபுரம் பகுதியை அரசு பாதுகாப்பு வலயமாக அறிவித்தபோதும், பெப்ரவரியில் அது மாத்தளன் கரையோரத்துக்கு மாறியபோதும், உள்ளே நடந்ததை உலகத் தொலைக்காட்சிகள் நேரில் காட்டவில்லை. அதே நாட்களில் காசாவில் போர் நடந்தது. 2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை. இஸ்ரேலும் வெளிநாட்டுச் செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. ஆனால் காசாவுக்குள் அல்ஜசீராவும் பலஸ்தீனச் செய்தியாளர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். படம் அன்றன்றே வெளியே வந்தது. ஒரே மாதம், இரண்டு கடற்கரைகள். ஒன்றை உலகம் பார்த்தது.

இதனால் காசாக்காரரிடம் நமக்குப் பொறாமை வரத் தேவையில்லை. சாட்சிகளை அகற்றுபவர் எதற்காக அகற்றுகிறார் என்பதுதான் இங்கே விளங்க வேண்டியது. கோபத்தின் முதல் வாசலை அவர் பூட்டுகிறார்.

இரண்டாவது வாசல், எண்ணிக்கை. 2009 பெப்ரவரியளவில் வன்னிக்குள் ஏறக்குறைய 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய 280,000 பேர். குறைந்த எண் வெறும் கடதாசிக் கணக்கு அல்ல. அந்த எண்ணை வைத்துத்தான் உணவும் மருந்தும் அனுப்பப்படும். எண் சிறிதானால் கப்பலில் ஏறும் மாமூட்டையும் குறையும், தூரத்தில் இருப்பவருக்கு வரும் பதற்றமும் குறையும்.

மூன்றாவது வாசல், நம்மோடு சேர்ந்தவரா என்ற உணர்வு. மொழி, மதம், நிறம், உடை, வீட்டின் தோற்றம் எல்லாம் இதில் வேலை செய்கின்றன. 2022இல் உக்ரைன் மக்கள் இடம்பெயர்ந்தபோது ஐரோப்பா கதவைத் திறந்த வேகத்தையும், அதற்கு முன்னர் சிரியாவிலிருந்து வந்தவர்களை வேலிக் கம்பியில் மறித்ததையும் உலகம் பார்த்தது. இந்த விடயத்தில் யாரும் விதிவிலக்கு இல்லை. நாமும் இல்லை.

நான்காவது வாசல்தான் மிகப் பெரியது: அணி. நாடுகள் கோபப்படுவதில்லை, வாக்களிக்கின்றன. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜெனீவாவில் ஒரே ஆண்டில் இரண்டு வாக்கெடுப்புகள்

இந்த முழு விடயத்தையும் விளங்கிக்கொள்ள 2009இன் இரண்டு நாட்களே போதும். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 47 நாடுகள் அங்கம் வகிக்கும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அந்த 47 நாடுகளும் மாறவில்லை.

ஜனவரி 12: காசா பற்றிய விசேட அமர்வு. இஸ்ரேலைக் கண்டித்து, உண்மையறியும் குழு ஒன்றை அனுப்பும் தீர்மானம். ஆதரவு 33, எதிர்ப்பு 1, நடுநிலை 13. எதிர்த்த ஒரே நாடு கனடா. பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து எல்லாம் நடுநிலை.

மே 27: இலங்கை பற்றிய விசேட அமர்வு. போர் முடிந்து ஒன்பது நாட்கள். நிறைவேறிய தீர்மானம் புலிகளைக் கண்டித்தது, அரசின் உறுதிமொழிகளை வரவேற்றது. சர்வதேச விசாரணை என்ற பேச்சு அதில் இல்லை. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. எதிர்த்தவர்களில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, கனடா, சுவிற்சர்லாந்து இருந்தன.

இப்போது இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், கியூபா, தென்னாபிரிக்கா, பிரேசில், எகிப்து, மலேசியா: காசாவுக்கு விசாரணை வேண்டும் என்றன, வன்னிக்கு வேண்டாம் என்பதற்குச் சமமான தீர்மானத்துக்குக் கை தூக்கின. மறுபக்கம் பிரித்தானியாவும் பிரான்சும் ஜெர்மனியும் இலங்கைக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க மறுத்தன, காசாவுக்கு வந்தபோது கை கட்டி இருந்தன. இரண்டு பக்கமும் கொல்லப்பட்டவர்களைப் பார்த்து வாக்களிக்கவில்லை. கொன்றவர் யாருடைய கூட்டாளி என்று பார்த்தே வாக்களித்தன.

ஆனால் பட்டியலைப் பொறுமையாக வாசித்தால் இரண்டு பெயர்கள் தனித்து நிற்கும். சிலி, மெக்சிக்கோ. இரண்டும் ஜனவரியில் காசாவுக்கு உண்மையறியும் குழு வேண்டும் என்று வாக்களித்தன. இரண்டும் மே மாதத்தில் இலங்கைத் தீர்மானத்தை எதிர்த்தன. நேரான அளவுகோல் கனவிலுள்ள பொருள் அல்ல என்பதற்கு இவை சாட்சி. நம்முடைய மேடைகளில் இந்த இரு நாடுகளின் பெயர் கேட்டதாக இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதுவரை: கோபம் போய்ச் சேர முதலில் பார்க்க முடிய வேண்டும், எண்ணிக்கை நம்பப்பட வேண்டும், பட்டவர் ‘நம்மவர்’ என்று தோன்ற வேண்டும், கடைசியில் அணிக் கணக்கு இடம் தர வேண்டும். நான்கிலும் வன்னி 2009இல் தோற்றது.

எதிர்க்கேள்வித் திருப்பல்

தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேள்விக்கு வருவோம். “அமெரிக்கா ஈராக்கில் செய்யாததையா?” குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல், குற்றம் சாட்டியவரின் குற்றத்தைக் காட்டிப் பேச்சை மாற்றுவதே எதிர்க்கேள்வித் திருப்பல். 2009இலும் அதற்குப் பின்னர் 2012, 2014 தீர்மானங்களின்போதும் கொழும்பு இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது.

இது பலிப்பதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருப்பது. 2003இல் பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமல்தான் அமெரிக்கா ஈராக்கில் இறங்கியது. அதைச் சொல்வதில் பொய் இல்லை. பொய் இருப்பது அதிலிருந்து எடுக்கும் முடிவில். கேட்பவர் நேர்மையற்றவர் என்பது கேட்பவரைப் பற்றிய தகவல். புதுக்குடியிருப்பு வைத்தியசாலைக்கு மேல் எறிகணை விழுந்ததா, யார் அடித்தார்கள் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

வவுனியாவில் ஏ9 வீதியோரம் 2017 பெப்ரவரியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் பிடிக்கப்படுவதைக் கண்டு, “குண்டு போடுகிறவனின் கொடியையா பிடிப்பது?” என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அந்தக் கொடியின் அரசியல் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கிறது. ஆனால் உள்நாட்டில் கேட்ட கதவெல்லாம் மூடியபின், பலம் உள்ளவரிடம் போய் முறையிடுவது அவர் செய்ததையெல்லாம் ஏற்றுக்கொள்வதாகாது. பிள்ளை எங்கே என்ற கேள்வி எந்தக் கொடியோடு கேட்கப்பட்டாலும் அதே கேள்விதான்.

இதையே மறுபக்கமாகவும் பிடிக்க வேண்டும். 2009 மே மாதம் கொழும்புக்குக் கை தூக்கிய தென்னாபிரிக்கா, 2023 டிசம்பரில் காசா தொடர்பாக இஸ்ரேலைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. “எங்களுக்குத் துரோகம் செய்தவன் போட்ட வழக்கு” என்று அதைத் தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளினால் கொழும்பு செய்த அதே வேலையை நாமும் செய்கிறோம். வழக்கை அதன் சான்றுகளை வைத்துப் பார்க்க வேண்டும். 2009ஐத் தென்னாபிரிக்காவுக்கு நினைவூட்டவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யலாம்.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தப் பகுதி வாசிக்கக் கடினமானது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையே தெரிந்தெடுத்த சீற்றத்துக்கு உதாரணமாகிவிடும்.

1984 நவம்பர் 30: முல்லைத்தீவு, வவுனியா எல்லையில் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்களவர்கள் 60 பேருக்கு மேல் புலிகளால் கொல்லப்பட்டார்கள். பெண்களும் சிறுவர்களும் அதில் அடக்கம். அதற்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2: அருகிலுள்ள ஒதியமலையில் தமிழர்கள் 30 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒதியமலைக்கு ஆண்டுதோறும் நினைவேந்தல் நடக்கிறது. நடக்கவே வேண்டும். பண்ணைகளைப் பற்றிக் கதை வந்தால் “அது குடியேற்றம்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். அந்த நிலத்திலிருந்து தமிழர்கள் விரட்டப்பட்டது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்தது அரசு. கொல்லப்பட்ட குழந்தை குடியேற்றத் திட்டம் தீட்டவில்லை.

2006 ஜூன் 15: கெப்பித்திகொல்லாவையில் பயணிகள் பேருந்து கிளைமோர் வெடிப்பில் சிதறி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறுப்பு புலிகள்மீது சுமத்தப்பட்டது, அவர்கள் மறுத்தார்கள். 2006 ஓகஸ்ட் 14: வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சு. 50க்கு மேற்பட்டோர் பலி, பெரும்பாலும் வதிவிடப் பயிற்சிக்கு வந்த பாடசாலை மாணவியர். அரசு அதைப் பயிற்சி முகாம் என்றது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அங்கே படைத்தளத்துக்கான அடையாளம் இல்லை என்றது. இரண்டு மாத இடைவெளி, ஏ9இன் கிழக்கே ஒரே காட்டுத்தொடரின் இரு பக்கங்கள். ஒரு பக்கத்தார், “அது முகாம்தானே”. மறுபக்கத்தார், “அது ஊர்காவல் படை ஆக்கள்தானே”. இரண்டு சாட்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசம். நம்முடைய தண்ணீரூற்றிலிருந்தும் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்தும் புத்தளத்துக்குப் போனவர்கள் அகதிக் கொட்டில்களில் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். மீள்குடியேறத் திரும்பிவந்தவர்களைக் காணிப் பிணக்கோடு மட்டும் பார்க்கிறவர்கள், பலாலியிலும் கேப்பாபிலவிலும் இராணுவத்திடம் காணி கேட்டு நிற்கும்போது எந்த விதியைச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011 மார்ச்சில் கொடுத்த அறிக்கையையும் இப்படித்தான் பாதியாக வாசிக்கிறோம். 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றும், பாதுகாப்பு வலயங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அரசு படைகள் எறிகணை அடித்தன என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்றும் அந்த அறிக்கை சொன்னது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டுகளையும் நம்பத்தக்கவை என்றே சொன்னது. கொழும்பு முழு அறிக்கையையும் தூக்கி எறிந்தது. நாம் முதல் பாதியை மட்டும் மேடையில் வாசிக்கிறோம். வன்னிக்குள் கடைசிவரை இருந்தவர்களுக்கு இரண்டு பாதியும் தெரியும்.

கோபம் வேறு, படை அனுப்புவது வேறு

வெளிநாட்டுத் தலையீடு என்று வந்தவுடன் இன்னொரு குழப்பம் சேர்கிறது. “லிபியாவுக்குப் போனவன் இங்கே ஏன் வரவில்லை?” என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டியிருக்கின்றன. இரண்டு இடத்திலும் நடந்ததை ஒரே விதியால் தீர்ப்பிட்டார்களா? இரண்டு இடத்திலும் ஒரே நடவடிக்கை எடுத்தார்களா?

முதலாவதுக்கு ஆம் என்ற பதில் கட்டாயம் வேண்டும். இரண்டாவதுக்கு அப்படியல்ல. நடவடிக்கை என்பது அறிக்கை, தடை, விசாரணை, அமைதிப்படை, குண்டுவீச்சு என்று ஏறிக்கொண்டு போகும். எந்தப் படி பொருந்தும் என்பது, அதனால் உயிர்கள் காப்பாற்றப்படுமா இன்னும் கூடுதலாகப் போகுமா என்பதைப் பொறுத்தது.

2005இல் ஐ.நா. உலக உச்சிமாநாட்டில் நாடுகள் ‘காக்கும் பொறுப்பு’ என்ற கொள்கையை ஏற்றன. ஒரு நாடு தன் மக்களை இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் காக்கத் தவறினால், பாதுகாப்புச் சபையின் ஊடாக உலகம் செயற்படலாம் என்பது அதன் சாரம். சிக்கல் அந்த ‘ஊடாக’வில் இருக்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும். இதுதான் வீட்டோ. ஐந்து நாடுகளின் நட்பு நாடுகளுக்கும் இதனால் ஒரு கூரை கிடைக்கிறது. 2009இல் வன்னி பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில்கூட ஏறவில்லை.

வராமல் விட்டதன் விலைக்கு 1994 ருவாண்டா. கொலைகள் நடந்துகொண்டிருந்த ஏப்ரலில் பாதுகாப்புச் சபை அங்கிருந்த ஏறக்குறைய 2,500 அமைதிப்படையினரை 270 ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. நூறு நாட்களில் ஏறக்குறைய 800,000 பேர் கொல்லப்பட்டார்கள். வந்ததன் விலைக்கு 2011 லிபியா. மார்ச் 17இல் 10 ஆதரவு, 5 நடுநிலையோடு நிறைவேறிய தீர்மானம் பொதுமக்களைக் காக்க என்று தொடங்கியது. ஒக்டோபரில் கடாபி கொல்லப்பட்டு ஆட்சி மாற்றத்தில் முடிந்தது, நாடு துண்டானது. அதைச் சாட்டாகக் காட்டி ரஷ்யாவும் சீனாவும் சிரியா பற்றிய தீர்மானங்களை வீட்டோ செய்தன.

நமக்கு இதற்கு வெளியே போகவும் தேவையில்லை. 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டபோது மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படைக்கு மாலை போட்டார்கள். ஒக்டோபர் 21இல் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் அதே படையினரால் கொல்லப்பட்டார்கள். ஏன் யாரும் வரவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. வருவது என்றால் என்ன என்பதை அறிந்தவர்களாகவும் கேட்க வேண்டும். சாட்சிகளை உள்ளே வைத்திருங்கள், உணவுக் கப்பலை மறிக்காதீர்கள், பின்னர் விசாரியுங்கள் என்ற கோரிக்கைகளுக்குப் படை தேவையில்லை. 2009இல் அவற்றைக்கூடச் செய்யவில்லை என்பதே உலகத்தின்மேல் நமக்குள்ள மிக உறுதியான குற்றச்சாட்டு.

சோதிக்கும் முறை

ஒரு போரைப் பற்றிய செய்தியோ பதிவோ கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் இப்படிச் செய்யலாம்.

செயலைப் பெயர் இல்லாமல் ஒரு வரியில் எழுதுங்கள். “பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள் எறிகணை அடித்தார்கள்.” “வெளியேற முயன்ற மக்களைச் சுட்டார்கள்.” தீர்ப்பையும் அந்த வரிக்கே எழுதுங்கள். அதன்பின் பெயர்களைப் போடுங்கள். பெயரைப் போட்டபின் தீர்ப்பை மாற்ற மனம் உந்தினால், எந்தத் தகவல் உந்துகிறது என்று பாருங்கள். “அங்கே உண்மையில் ஆட்லறி நிறுத்தப்பட்டிருந்தது” என்பது தகவல், அதை விசாரிக்கலாம். “அவர்கள் எங்கட ஆக்கள்” என்பது தகவல் அல்ல.

அடுத்து வாக்கியத்தைப் பாருங்கள். செய்தவர் பெயர் அதில் இருக்கிறதா? “வைத்தியசாலை தாக்கப்பட்டது” என்று ஓரிடத்திலும், “பயங்கரவாதிகள் வைத்தியசாலையைத் தாக்கினர்” என்று இன்னோரிடத்திலும் எழுதும் ஊடகம் குறியை முதலில் பார்த்துவிட்டது.

எண்ணைப் பாருங்கள். யார் எண்ணினார்கள், எண்ணியவர் அங்கே நின்றாரா, எண்ணைக் குறைப்பதாலோ கூட்டுவதாலோ அவருக்கு என்ன கிடைக்கும். உறுதிப்பட்ட எண்ணை மட்டும் சொல்லுங்கள். கூட்டிச் சொன்ன ஒரு எண் பொய் என்று பிடிபட்டால், உண்மையான எண்ணையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஜெனீவாவில் இது பலமுறை நமக்கு எதிராகப் பயன்பட்டது.

கடைசியாக, கோரிக்கையைப் பாருங்கள். “அங்கும் விசாரியுங்கள்” என்று முடிகிறதா, “இங்கும் விடுங்கள்” என்று முடிகிறதா? முதலாவது அளவுகோலை நிமிர்த்துகிறது, இரண்டாவது முறிக்கிறது.

இதில் புதியவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது: போலிச் சமன். இரு பக்கமும் பிழை செய்தது என்று ஒப்புக்கொண்டவுடன், இரு பக்கமும் ஒரே அளவு செய்தது என்று முடிவுகட்டுவது. ஒரே விதியால் அளந்தால் ஒரே விடை வர வேண்டும் என்றில்லை. ஜெட் போர் விமானங்கள் வைத்திருந்தது ஒரு தரப்பு மட்டுமே. ‘இங்கே வாருங்கள், பாதுகாப்பு’ என்று மக்களை அழைத்த தரப்பும் அதுவே. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது உறுப்புரை 3 உள்நாட்டுப் போரில் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது, ஆனால் அந்த உடன்படிக்கைகளில் ஒப்பமிட்டு, நீதிமன்றமும் பொலிசும் சிறையும் கையில் வைத்துக்கொண்டு, இன்றும் விசாரிக்க மறுப்பது அரசு. அளந்தபின் ஒரு பக்கம் கனமாக வந்தால் அதை அப்படியே சொல்லலாம், தயங்கத் தேவையில்லை. அளக்க முதலே சொன்னால்தான் யாரும் நம்ப மாட்டார்கள்.

“காசாவுக்கு அழுகிறியள், முள்ளிவாய்க்காலுக்கு அழுதியளோ?” என்று இனி யாராவது கேட்டால், கேட்பவரிடம் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: “இரண்டுக்கும் விசாரணை வேண்டும் என்று நான் கையெழுத்து வைக்கிறன், நீங்களும் வைப்பியளோ?” வைப்பவர் நம்மோடு நிற்பவர். மறுப்பவர் முள்ளிவாய்க்காலை எடுத்தது காசாவைப் பற்றிப் பேசாமல் செய்வதற்காக.